என் பக்கத்துப் பிரேக்

பதினான்கு வருஷத்தில் என் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். மந்தைவெளியில் எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி கங்காதரன், யார் புதிதாகச் சேர வந்தாலும் என்னைக் காட்டி, "ஜெசிந்தா மிஸ்கிட்ட கத்துக்கினா கண்ண மூடிக்கினு ஓட்டலாம்" என்பார். நான் உடனே, "கண்ண மூடிக்கினு ஓட்டுறவங்க என் வண்டில ஏறவே வேணாம்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நான் பட்டினப்பாக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனார், அம்மா கூடையில் மீன் விற்றாள். எங்கள் தெருவில் மெதுவாகப் பேசினால் அலைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. அதனால் எனக்குக் குரலும் பெரிது, கோபமும் பெரிது. பொறுமை மட்டும் கிடையாது. வண்டி கற்றுக்கொடுக்கிறவளுக்கு முதலில் வேண்டியதே பொறுமைதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில், ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதைப் போலவே, சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் பொருத்தியிருப்பார்கள். ஆபத்து என்றால் நாங்கள் மிதிப்பதற்காக. நான் ஆபத்துவரைக்கும் காத்திருந்ததே இல்லை. குறுக்கே ஒரு ஆட்டோ வந்தால், ஓட்டுகிற பிள்ளை அதைப் பார்த்து, பயந்து, யோசித்து, காலை நகர்த்தி மிதிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். "காலை எடு, காலை எடு" என்று கத்துவேன். ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கச் சொல்கிறேன். பிள்ளை எடுத்ததும், என் பக்கத்துக் கிளட்ச்சையும் பிரேக்கையும் நானே பதமாக அமுக்கிவிடுவேன். குலுங்காது, முட்டாது, வண்டி தானாக நின்ற மாதிரி நிற்கும். நான் மிதித்தேன் என்று பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. தாங்களே நிறுத்தினோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். அடுத்த மாதம் அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து சேருவார்கள்.

அனுப்ரியா அப்படித்தான் வந்தாள். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம், காலேஜில் முதல் வருஷம். வீடு அசோக் நகர். அப்பா ஜவஹருக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறாத மனிதர். முதல் நாளே என்னிடம் வந்து நின்றார்.

"டீச்சர், எங்க வீட்ல ஒரு பழக்கம். வண்டி யாருக்கு வாங்குதோமோ அவுகதான் எலுமிச்சம்பழத்துல ஏத்தணும். எங்க ஐயா லாரி வாங்குனப்ப அவுகளே ஏத்துனாக. நான் ஸ்கூட்டர் வாங்குனப்ப நான் ஏத்துனேன். விஜயதசமிக்கு அனுவுக்குக் காரு வருது. அதுக்குள்ள பிள்ள கையில லைசென்ஸ் இருக்கணும்."

"இருக்கும் சார். என் பொறுப்பு" என்றேன்.

என் பொறுப்பு என்ற வார்த்தையை நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

இருபது நாள் வகுப்பு. தினமும் காலை ஆறரைக்கு வருவாள், தலையை இறுக்கிப் பின்னி, பாடம் படிக்கப் போகிறவள் மாதிரி ஒரு சின்ன நோட்டோடு. கியர் மாற்றுவதை எழுதிக்கொள்வாள், கண்ணாடி பார்ப்பதை எழுதிக்கொள்வாள். எனக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பிடிக்கும். பதினோராவது நாள் லஸ் முனையில் ஒரு தண்ணீர் லாரி சிக்னலை மதிக்காமல் எங்கள் மூக்குக்கு முன்னால் திரும்பியது. நான் கத்தினேன், அவள் காலை எடுத்தாள், நான் மிதித்தேன், வண்டி லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவள் முகமெல்லாம் வியர்வை. ஆனால் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"பாத்தீங்களா மிஸ், கரெக்டா நிறுத்திட்டேன்."

நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நீ நிறுத்தல கண்ணு, நான் நிறுத்துனேன். திரும்பப் போய் வா, இந்தத் தடவை நீ மிதி" என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. பின்னால் நாலு வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், எனக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பிள்ளையின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்றும் தோன்றியது. "கெட்டிக்காரி" என்றேன்.

டெஸ்ட் அன்றைக்கும் எங்கள் ஸ்கூல் வண்டிதான். இன்ஸ்பெக்டர் பின் சீட்டில், நான் வழக்கம்போல முன்னால் இடது பக்கம். "நிறுத்தும்மா" என்று அவர் சொன்ன இடத்தில் வண்டி அழகாக நின்றது. யார் நிறுத்தினார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். மிதிக்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். காலுக்கு அது தெரியவில்லை.

விஜயதசமி அன்று காலை, தி. நகரில் ஒரு சின்னத் தெருவிலிருக்கும் பிள்ளையார் கோவில் வாசலில் வண்டிக்குப் பூஜை. வெள்ளை வண்டி, ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. வாங்குவதற்கு முன்னால் ஜவஹர் என்னைக் கேட்டபோது, "தாராளமா வாங்குங்க, இடது காலுக்கு வேலையே இல்ல, இன்னும் சுலபம்" என்று சொன்னதோடு சரி. அந்த வண்டியில் அவளை ஒருநாள்கூட உட்கார வைத்து நான் ஓட்டிக் காட்டவில்லை. ஷோரூம் ஆள் வண்டியைக் கோவிலில் கொண்டுவந்து விட்டு, பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஜவஹர் வீட்டார், கடை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். எனக்குக் கடையிலிருந்து ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். கோவில் வாசலில் நிற்கிற, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது, உள்ளுக்குள் பூரிப்பாகவும் இருந்தது. ஐயர் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்.

"டீச்சர், நீங்க அவ பக்கத்துல உக்காருங்க" என்றார் ஜவஹர்.

"வேணாம் சார். தனியா ஓட்டட்டும், அதான் அழகு" என்றேன்.

அனுப்ரியா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பிரேக்கை மிதித்து, கியரைப் போட்டு, மெல்லக் காலைத் தளர்த்தினாள். வண்டி நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஜவஹர் முன்னால் நின்று, போதும் என்று கையைக் காட்டினார். வண்டி நிற்கவில்லை. நடக்கிற வேகம்தான், ஆனால் நிற்கவில்லை. ஜவஹர் ஒதுங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால், கோவில் சுவரோரம், தங்கபுஷ்பம் என்ற பூக்காரப் பெண் கூடையை மடியில் வைத்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ முழம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கத்தினேன். பதினான்கு வருஷமாக எதைக் கத்துகிறேனோ அதையே கத்தினேன். "அனு, காலை எடு. காலை எடு."

என் வலது கால் தரையை மிதித்தது. பளபளவென்ற பட்டுச்சேலைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தெருவை அமுக்கி அமுக்கி மிதித்துக்கொண்டிருந்தேன். சக்கரம் தங்கபுஷ்பத்தின் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. வண்டி கோவில் படிக்கல்லில் முட்டி உறுமிக்கொண்டே நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்து, குனிந்து, கையாலேயே பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் இரண்டு கால்களும் சீட்டுக்கு அடியில், குதிகாலோடு குதிகால் சேர்த்து, பின்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தன. ஆக்சிலேட்டர் பக்கமே போகவில்லை, பிரேக்கிலும் இல்லை. கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்கும் என்று காத்திருந்திருக்கிறாள். எப்போதும் நின்றதல்லவா, அப்படி நிற்கும் என்று.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது.

மற்றவர்களுக்கு வேறு மாதிரி விளங்கியது. "பதட்டத்துல ஆக்சிலேட்டர மிதிச்சிட்டா" என்று கடை ஆள் ஒருவர் சொன்னார். ஷோரூமுக்கு போன் போட்டால் அவர்களும் அதையே சொன்னார்கள். ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அனுப்ரியாவைக் கேட்டபோது, "அப்படித்தான் இருக்கும் சார், எனக்கு ஞாபகம் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், தங்கபுஷ்பத்தை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, அனுப்ரியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் இன்னும் பூஜைக் குங்குமம்.

"மிஸ், நான் எதை மிதிச்சேன்? நீங்கதான் மொதல்ல வந்தீங்க. பாத்தீங்களா?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த நேரத்துல யாருக்கு இன்னா தெரியும் அனு. விடு" என்றேன்.

விடு என்று சொல்ல நான் யார்? அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் கங்காதரனிடம் மட்டும் சொன்னேன். அவர் ஃபைலை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா ஜெசி, உனக்கு மூளை கீதா? வாய வெச்சுக்கினு சும்மா கெட. வெளில தெரிஞ்சா ஸ்கூல இழுத்து மூட வேண்டியதுதான். பொண்ணே ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டுச்சு, நீ இன்னாத்துக்கு நடுவுல பூந்துக்கினு கீற?"

அவர் சொன்னதால்தான் சும்மா இருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எனக்கே சும்மா இருக்கத்தான் ஆசை.

ஐந்தாம் நாள் தங்கபுஷ்பத்தைப் பார்க்கப் போனேன். காலில் தகடு வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு நடக்க முடியாது என்றார்கள். செலவெல்லாம் ஜவஹர் பார்த்துக்கொள்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கோவில் வாசலில் அவள் கூடை வைத்த இடத்தில் வேறு ஒருத்தி கூடை வைத்துவிட்டாளாம். இருபத்திரண்டு வருஷத்து இடம் அது.

"எழுந்து போனா குடுப்பாளா? குடுக்க மாட்டா" என்றாள் தங்கபுஷ்பம். பிறகு அவளே, "நீதான் அந்தப் பொண்ணுக்குக் கத்துக் குடுத்தியாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"தினிக்கும் வந்து காலாண்ட குந்திக்கினு அழுவுது. சாப்பிட மாட்டேங்குது. நான் அதுக்கு ஆறுதல் சொல்றதா, எனக்கு நான் சொல்லிக்கறதா? நீ கொஞ்சம் சொல்லும்மா. நீ சொன்னா கேக்கும்."

நான் வாங்கிப்போன ஆப்பிளை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் சொன்னதைக் கேட்டதனால்தான் இது நடந்தது என்று அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது?

இதற்கு நடுவில் என் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெட்கக்கேடு. அப்போது என்னிடம் பூஜா என்று ஒரு மயிலாப்பூர்ப் பெண் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பதினெட்டு வயசு. அவளுக்கு வகுப்பு முடிகிற கட்டம். விபத்துக்கு மறுநாளே, இனி என் பக்கத்துப் பிரேக்கைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டு ஏறினேன். கச்சேரி ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. "காலை எடு" என்றேன், மிதித்தேன், வண்டி நின்றது. பூஜா திரும்பிப் பார்த்து அதே மாதிரி சிரித்தாள். வியாழக்கிழமை அவளுக்கு டெஸ்ட். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாஸ் ஆகிவிட்டாள். அவள் அம்மா எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தார். நானும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

இதை எழுதுகிறபோது என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்னால் சரிந்து கிடக்கிறது என்று ராத்திரி பகலாகப் புழுங்கினேன். அதே கையோடு, இல்லை, அதே காலோடு இன்னொருத்தியை ரோட்டுக்கு அனுப்பினேன். என் கவலையெல்லாம் என்னைப் பற்றித்தான் இருந்தது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாந்தோம் கோவிலில் காலைப் பூசை. "என் பாவமே, என் பாவமே" என்று எல்லோரும் மார்பில் தட்டிக்கொள்கிற இடம் வந்தது. சின்ன வயசிலிருந்து தட்டுகிறேன், தூசி தட்டுகிற மாதிரி. அன்றைக்குக் கை எழவில்லை. எதற்கு இந்த நாடகம் என்று என்மேலேயே கோபம் வந்தது. மத்தியானச் சோறுகூடச் சாப்பிடாமல் தி. நகருக்குப் பஸ் ஏறினேன்.

தீபாவளிக் கூட்டம். ஜவஹர் கடையில் கால் வைக்க இடமில்லை. அவரை மாடியில் சரக்கு அடுக்கியிருக்கும் அறைக்குக் கூட்டிப்போய், சேலைக் கட்டுகளுக்கு நடுவே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஒரு பிரேக் இருக்கும் என்பது, அதை நான்தான் மிதிப்பேன் என்பது, கதவைத் திறந்தபோது பார்த்தது, ஆஸ்பத்திரியில் மறைத்தது, எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. அடிக்கட்டும், போலீசில் சொல்லட்டும் என்றுதான் நின்றேன்.

"இத அவகிட்ட சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல சார். இப்ப போய்ச் சொல்லப்போறேன்."

"சொல்லாண்டாம்."

நான் புரியாமல் பார்த்தேன்.

"டீச்சர், நான் கோவத்துல சொல்லல. எனக்குக் கோவம் இருக்கு, அது வேற. பிள்ள இப்ப காரத் தொடமாட்டேன்னு இருக்கா. ஆட்டோவுல ஏறுனாக்கூட முன்னால இருக்க கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிடுதா. அப்படியே இருக்கட்டும். பயந்து வீட்ல கிடந்தா எனக்கு உசுரோட கிடப்பா. நீங்க போயி உன்மேல தப்பில்லன்னு சொன்னா, நாளைக்குத் திரும்ப வண்டிய எடுப்பா. எனக்கு வேண்டாம்."

"ஆனா அது பொய்யாச்சே சார்."

"பொய்தான். அதுனால யாருக்கு என்ன நட்டம்?"

படி இறங்கி வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் படியில் இறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. தகப்பனே வேண்டாம் என்றுவிட்டார், இனி நான் என்ன செய்ய முடியும், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். பனகல் பூங்கா வரைக்கும் அந்த நிம்மதியோடு நடந்தேன். அங்கே சிக்னலில் ஒரு சின்னப் பெண் ஸ்கூட்டியில் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு காலையும் தரையில் ஊன்றி, எப்போது பச்சை விழும் என்று அண்ணாந்து பார்த்தபடி. யாருக்கு என்ன நஷ்டம் என்று அந்த மனிதர் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தான் ஆக்சிலேட்டரை மிதித்து ஒரு மனுஷியின் காலை நொறுக்கினவள் என்று அந்தப் பிள்ளை சாகிறவரைக்கும் நம்பிக்கொண்டிருப்பாள். இது நஷ்டம் இல்லையா? ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, அசோக் நகர் என்றேன்.

வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் உறை போட்டு நின்றது. அனுப்ரியாவின் அம்மா கதவைத் திறந்து, "உள்ள இருக்கா, நீங்களாச்சும் பேசுங்க" என்று அறையைக் காட்டினார். அவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பத்து நாளில் பாதியாகிவிட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிடுவேன்.

"அனு, அன்னைக்கு நீ ஆக்சிலேட்டர மிதிக்கல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவத் தொறந்து குனிஞ்சப்ப பாத்தேன். உன் ரெண்டு காலும் பின்னால இருந்துச்சு. நான் காலை எடுன்னு கத்துனேன், நீ எடுத்துட்ட. அந்த வண்டில பிரேக்குல இருந்து காலை எடுத்தா அது தானா நகரும். நிக்காது."

"ஸ்கூல் வண்டி நின்னுச்சே மிஸ்."

"அது நான் மிதிச்சேன்."

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"லஸ்ல அந்தத் தண்ணி லாரி?"

"நான்தான்."

"அடையாறு பாலத்துல, முன்னாடி பஸ் டக்குனு நின்னப்போ?"

"நான்தான் அனு."

"டெஸ்ட்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப இருபது நாள்ல நான் ஒரு தடவைகூட வண்டிய நிறுத்தல."

"ரெண்டு மூணு தடவை நிறுத்தியிருப்ப."

"எந்த ரெண்டு மூணு?"

யோசித்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவள் மேஜைமேலிருந்த அந்தச் சின்ன நோட்டை எடுத்து, இரண்டு பக்கம் புரட்டி, மூடி வைத்தாள்.

"ஆஸ்பத்திரில கேட்டேனே மிஸ். பாத்தீங்களான்னு உங்ககிட்ட கேட்டேனே."

"கேட்ட."

"பத்து நாள் மிஸ்."

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டாளா என்று கேவலமாக ஒரு நப்பாசை எனக்குள் எட்டிப் பார்த்தது. அவள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள்.

"இப்ப உங்ககிட்ட யார் கத்துக்கறாங்க?"

"பூஜான்னு ஒரு பொண்ணு. முடிச்சிட்டா. போன வியாழக்கிழமை டெஸ்ட்."

"போன வியாழக்கிழமைன்னா, எனக்கு ஆனதுக்கு அப்புறமா?"

"ஆமா."

"அவளுக்கும் நீங்கதான் மிதிச்சீங்களா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"போன் பண்ணுங்க மிஸ். இப்பவே."

அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பெயரை அழுத்தினேன். மூன்றாவது தடவை மணி அடித்தது. எடுத்தது பூஜாவின் அம்மா. அனுப்ரியா என் கையிலிருந்து போனை வாங்கி, இருவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுங்கோ மிஸ். பூஜா ஆத்துல இல்லையே. அப்பா காரை எடுத்துண்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிருக்கா, ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரை ஏத்திண்டு. மொத மொதத் தனியா போறா. போனை இங்கயே வெச்சுட்டுப் போயிட்டா பாருங்கோ. வண்டி ஓட்டறச்ச போன் கையில இருக்கப்படாதுன்னு எங்க மிஸ் சொல்லியிருக்கான்னு சொன்னா. நன்னா சொல்லிக் குடுத்திருக்கேள்."

"எப்ப கிளம்புனா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். ஏன் மிஸ்?"

மணி ஐந்தேகால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கடற்கரைச் சாலையில் நடைபாதை எது, ரோடு எது என்று தெரியாது. குழந்தைகள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவரும். அனுப்ரியா ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு, தன் போனில் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக ஆட்டோவில்கூட உட்காரப் பயந்தவள். இன்னொரு கையிலிருந்த என் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, சொல்லுங்க என்று உதட்டை அசைத்தாள்.

"ஏன் மிஸ், என்ன விஷயம்? லைன்ல இருக்கேளா?"

"அம்மா" என்றேன். "பூஜாவுக்கு பிரேக் மிதிக்கத் தெரியாதும்மா. நான் சொல்லிக் குடுக்கல."